தராசில் நிற்காத வாட்ச்

கொங்காரெட்டிபள்ளி,
சித்தூர்.
5.7.2003

சிரஞ்சீவி ஹரிபாபுவுக்கு நைனா முனியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, உன் தங்கை பத்மினி மூவரும், அம்மாவின் முழங்கால் நீங்கலாக, நலம். அங்கே உன் உடம்பும் அந்த ஊர்க் குளிரும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கக் கங்கம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறுதோறும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போன் செய்தால் ரிசீவர் உன் அம்மா கையில் ஒட்டிக்கொள்கிறது. "துன்னியா, இன்னா துன்ன?" என்று கேட்டு, நீ சொல்லும் ரொட்டியின் பெயர் புரியாமல் மறுபடியும் கேட்டு, அழுது, மூக்கைத் துடைத்து, ஒருவழியாக என்னிடம் கொடுக்கும்போது "நல்லா கீறியா நைனா?" என்கிறாய். "கீறேன்" என்கிறேன். லைன் போய்விடுகிறது. நீ அனுப்பிய கைக்கடிகார விஷயத்தை "கீறேன்" என்கிற ஒரே சொல்லில் அடக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

உன்கூட வேலை செய்யும் நகரிப் பிள்ளை தணிகைவேல் லீவில் வந்தபோது நீ கொடுத்த பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்தான். பெட்டியைப் பார்த்ததும் எங்களுக்குப் பரம சந்தோஷம். பாலிஷ் போட்ட மரப்பெட்டி, தூக்கினால் கை இறங்குகிறது. உன் அம்மா குங்குமம் வைத்துவிட்டுத்தான் திறந்தாள். உள்ளே வெல்வெட், வெல்வெட்டுக்குள் மெத்தை, மெத்தைமேல் தகடு மாதிரி ஏதோ ஒன்று. வாட்ச் அடியில் இருக்கும் என்று அந்தத் தகட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மெத்தையைக் கழற்றினோம். ஒன்றும் இல்லை. மெத்தைக்கடியில் இருந்த அட்டையையும் கழற்றினோம். அதிலும் இல்லை. வழியில் எந்த ஏர்போர்ட்டில் யார் கை வைத்தார்களோ என்று உன் அம்மா ஆரம்பித்துவிட்டாள். தணிகைவேல் தயங்கித் தயங்கி, "மாமா, நீங்க மொதல்ல எடுத்து ஓரமா வெச்சீங்களே, அதான் வாட்ச்சு" என்றான். சரி என்று ஓரத்தைப் பார்த்தால் அங்கே அது இல்லை. சோபாவைப் புரட்டி, அவன் சட்டைப் பையைக்கூட அவனே உதறிக் காட்டி, கடைசியில் பத்மினிதான் பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து எடுத்தாள். பெட்டியைத் திறக்குமுன் நான் அவனுக்குப் பத்மினி கல்யாணத்துக்குக் குறித்த ஆவணி முகூர்த்தத்தைக் காட்டிவிட்டுப் பஞ்சாங்கத்தை விரித்தபடியே வைத்திருந்தேன். தகட்டை அதன்மேல் வைத்து, அதையே மூடியிருக்கிறேன். மூடிய பஞ்சாங்கம் மேடாகக்கூடத் தெரியவில்லை.

பெட்டியில் நீ வைத்திருந்த சீட்டையும் படித்தேன். "நைனா, மாப்பிள்ளைக்கு மச்சான் முறையா நான் போட வேண்டியது இது. எனக்கு லீவு கிடைக்கல, நீங்களே போட்டுடுங்க. இவ்வளவு மெல்லிசா வாட்ச் செய்ற ஆளுங்க உலகத்துலயே கொஞ்சம் பேர்தான். சட்டைக் கைக்குள்ள போயிட்டா வெளிய தெரியாது. அதான் இதோட அழகு" என்று எழுதியிருந்தாய். வெளியே தெரியாமல் இருப்பதற்குச் சுவிட்சர்லாந்திலிருந்து ஏன் வர வேண்டும்? பனியன்கூட வெளியே தெரியாதுதான், அது நம் பஜாரிலேயே கிடைக்கிறது. தாலி கட்டுமுன் பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளை கையில் ஒரு பொருள் போடுவது எதற்கு? நாலு பேர் பார்க்கத்தானே. என் கல்யாணத்தில் உன் மாமா எனக்குப் போட்டது பித்தளை மோதிரம். ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் பளபளவென்று தெரிந்தது. அது பித்தளை என்று தெரிய எனக்கே அடுத்த பொங்கல் வரை ஆயிற்று, அதற்குள் உன் அம்மாவோடு பழகிவிட்டேன், பேசாமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முப்பது வருஷம் சித்தூர் பஸ் ஸ்டாண்டு கன்ட்ரோலர் கேபினில் உட்கார்ந்த மனிதனின் மகன் நீ. திருப்பதி பஸ் ஒரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினால் டிரைவருக்கு மெமோ கொடுத்தவன் உன் அப்பா. கார்வேட்டிநகரம் பஸ் சீக்கிரம் கிளம்பினாலும் கொடுத்தேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு நொடி முள் இல்லாத வாட்ச் அனுப்பியிருக்கிறாய். தேதி இல்லை, கிழமை இல்லை, எண்கள்கூட இல்லை, கோடுதான். இரண்டு முள் மட்டும் மெலிந்துபோய்ச் சுற்றுகின்றன. ரேடியோ நியூஸ் ஆரம்பிக்கும் அந்த நொடியில் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தால், இது ஏறத்தாழ அந்தப் பக்கம் என்று கைகாட்டுகிறதே தவிர, வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் பார்த்தால் மேற்படி வாட்ச் நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு வந்த பொருள் வந்ததும் நின்றால் யார் என்ன சொல்வார்களோ! உன் அம்மாவுக்குத் தெரியாமல் கர்ச்சீப்பில் சுற்றி பஜார் தெருவில் பாலையா வாட்ச் கடைக்கு எடுத்துப் போனேன். பாலையா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. மருமகன் பாதிக் கடையைச் செல்போன் கடையாக மாற்றிவிட்டு, மீதிப் பாதியில் வாட்சுக்குப் பேட்டரி போடுகிறான். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இந்த சைசுல பேட்டரியே கெடையாது சார். இதுக்குள்ள பேட்டரி வெக்க எடமே இல்ல. எனக்குத் தெரிஞ்சி இதுல மிஷினே கெடையாது. ஷோவுக்கு வெக்கிறது" என்றான். ஒரு பொம்மை வாட்ச்சை வெல்வெட்டில் வைத்து உன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறைத்துப் பயனில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அதைக் கையில் வாங்கினாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தில் இருந்த திருகைப் பிடித்தாள்.

"சாவி குடுத்தியாய்யா?" என்றாள்.

ஹரிபாபு, வாட்சுக்குச் சாவி கொடுப்பது என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருக்கிறேன்! அவள் திருகத் திருக, உள்ளே பொடிப்பொடியாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு முள் நகர்ந்தது. எனக்கு வேலை கிடைத்த புதிதில் வாங்கிய வாட்ச்சுக்குத் தினமும் விடிந்ததும் சாவி கொடுத்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவேன். நீ நடக்க ஆரம்பித்த பிறகு அந்த வேலை உன்னுடையதாகிவிட்டது. நீ திருகி முடிக்கும் வரை நான் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பேன், முதல் பஸ் கிளம்பும் நேரம் ஆனாலும் காத்திருப்பேன். பஸ் ஸ்டாண்டில் நான் மைக்கைப் பிடித்தால் வெளியே சுண்டல்காரர், பத்திரிகைக் கட்டு இறக்குபவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடும் பெண்கள், எல்லோரும் ஒரு கணம் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். மணிக்கட்டில் வாட்ச் இல்லாதவர்கள் பக்கத்துக்காரர் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அப்புறம் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கலாம் என்று திருப்பதியில் எக்ஸ்சேஞ்ச் மேளா போட்டார்களே, ஊரே குக்கரும் மிக்சியும் தூக்கிக்கொண்டு ஓடியதே, அதில் நானும் என் வாட்ச்சைக் கொடுத்துவிட்டுப் பேட்டரி வாட்ச் வாங்கினேன். அன்று பெரிய முன்னேற்றம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் விழித்ததும் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வார் அளவு மாப்பிள்ளை கைக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்க வேண்டும், சம்பந்தி வீட்டாருக்குக் காட்டியதாகவும் இருக்கும் என்று நானும் உன் அம்மாவும் போன வாரம் திருப்பதிக்குப் போனோம். பையில் வைத்தால் யாராவது அடித்துவிடுவார்கள் என்று வலது கையில் கட்டிக்கொண்டேன். இடது கையில் வழக்கமான பேட்டரி வாட்ச். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். கட்டியது கட்டியதாகவே தெரியாததால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியம்மா, "வாயு பிடிச்சிக்கிச்சாப்பா? வேப்பெண்ணெ தடவு" என்றார். வெட்கமாகிவிட்டது. தடவுவதை விட்டேன். அங்கேதான் வினை. பாகாலாவைத் தாண்டி அசந்து தூங்கிவிட்டேன்.

திருப்பதியில் இறங்கியதும் நேரம் பார்க்க இடது கையைத் தூக்கினேன். பேட்டரி வாட்ச் இருந்தது. மற்றது எங்கே? பாழாய்ப்போன தூக்கத்தில் அதை வலது கையில் கட்டியதே மறந்துபோயிற்று. பையைக் கவிழ்த்தேன். உன் அம்மாவின் வெற்றிலைப் பையைக் கவிழ்த்தேன். சம்பந்தி வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பழங்கள் பிளாட்பாரத்தில் உருண்டன. அங்கே கன்ட்ரோலராக இருப்பது நம் பழைய கங்கையா, என்னிடம் வேலை பழகியவர். ஓடிப்போய் அவர் கேபினில் நுழைந்து மைக்கை நானே பிடித்துக்கொண்டேன். "தயசேசி வினண்டி! சித்தூரு நுஞ்சி வச்சின பஸ்ஸுலோ ஒக பல்ச்சனி வாச்சி போயிந்தி!" என்று, சித்தூர் பஸ்ஸில் ஒரு மெல்லிசு வாட்ச் தொலைந்துவிட்டது என்று, அடுத்து தமிழிலும், தெரிந்த அளவு இந்தியிலும் முழங்கினேன். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிய ஒரு குடும்பமே குனிந்து தேடியது. பஸ்ஸுக்கு அடியில் கிளீனர் படுத்துப் பார்த்தார். எவ்வளவு மெல்லிசு என்று ஒருவர் கேட்டார்; நான் கையை விரித்து மைக்கில் விளக்கினேன். உன் அம்மா பக்கத்தில் வந்து, "போனா போவுது, உடு. அழாத" என்று என் வலது கையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். கங்கையா பார்த்தார், கிளீனர் பார்த்தார், மொட்டைக் குடும்பம் முழுக்கப் பார்த்தது. முப்பது வருஷ சர்வீசில் நான் மைக்கை ஆப் செய்ய மறந்தது அன்று ஒருநாள்தான், ஆகவே உன் அம்மா அடுத்து சொன்னதையும் திருப்பதி பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

அங்கிருந்து சம்பந்தி கிருஷ்ணப்பாவின் பாத்திரக் கடைக்குப் போனோம். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் பிறந்ததிலிருந்து பித்தளையும் எவர்சில்வரும் நிறுத்து விற்றவர். எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். நாம் கொண்டுபோன மாம்பழத்தையும் அப்படித்தான் பார்த்தார். வாட்ச்சைக் கொடுத்தேன். அசைத்தார். மறுபடி அசைத்தார்.

"இன்னா சம்பந்தி, வெச்சதே தெரியிலியே" என்றார்.

"மெல்லிசு. அதான் அதோட அழகு" என்றேன். உன் சீட்டில் இருந்தது ஞாபகம் வந்தது.

அவர் அதைக் கொண்டுபோய்க் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். எண்கள் ஏறின, இறங்கின, பிறகு பூஜ்யத்துக்கே போயின. மேலே ஓடிய பேன் காற்றுக்குத் தராசு ஆடுகிறது என்று பேனை நிறுத்தச் சொன்னார். கடையில் இருந்த அத்தனை பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தராசையே பார்த்தோம். ஏதோ ஒரு சின்ன எண் வந்து நின்றது. அவர் வாட்ச்சை எடுத்துவிட்டு ஒரு பாயசக் கரண்டியை வைத்தார். கரண்டிதான் கனம்.

மாப்பிள்ளை பவன்குமார் காலேஜிலிருந்து அப்போதுதான் வந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டார். சட்டைக் கையை இழுத்து மூடினார், விலக்கினார், மறுபடி மூடினார். "நல்லா கீது மாமா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவர் அப்பா பார்த்த பார்வையில் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"கோவிச்சிக்காதீங்க சம்பந்தி. எங்க பெரியவனுக்குக் குவைத்து மச்சான் போட்டது ஒரு வாட்ச்சு கீது. அத்தக் கட்னா கை தானா கீழ வரும். நாளிக்கு மண்டபத்துல மைக்ல சொல்லுவாங்க, சுவிட்சர்லாந்து மச்சான் வாட்ச் போட்டாருன்னு. எல்லாரும் எட்டிப் பாத்தா இன்னா தெரியும்? வெறும் சட்டைதான் தெரியும். எங்க பங்காளிங்க சிரிக்க மாட்டாங்க?" என்றார் கிருஷ்ணப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கனமா ஒண்ணு வரட்டும். லேட்டானா பரவாலேது, முகூர்த்தத்தத் தைக்குத் தள்ளிக்கலாம்" என்றார்.

அதைக் கேட்டதும் உன் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "நாம இன்னா வெங்காயமா குடுக்குறோம், நிறுத்துப் பாக்குறதுக்கு?" என்றாள். சித்தூர் வரும் வரை இதையே வேறு வேறு காய்கறிகளை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் பத்மினியிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம், எப்படியோ தெரிந்துகொண்டாள். "தள்ளிப் போட்டா போட்டுக்கினு போறாங்க நைனா, எனக்கு இன்னா" என்கிறாள். ஆனால் தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்ததைத் தையல்காரரிடமிருந்து அவளே போய் வாங்கி வந்துவிட்டாள், தைக்காமலே.

ஆகவே நன்றாக யோசித்து முடிவு செய்திருக்கிறேன். நீ மேற்படி வாட்ச்சை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் கனமானதாக, பெரியதாக, தங்க நிறச் செயின் போட்டதாக, தேதி, கிழமை, நொடி முள் உட்பட எல்லாம் உள்ளதாக ஒன்று வாங்கி அனுப்ப வேண்டியது. இருட்டில் பச்சையாக ஒளிவிட்டால் இன்னும் விசேஷம். தணிகைவேல் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறான், பெட்டியை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். புதியதைப் பார்சலில் அனுப்பினால் போதும். நீ வர வேண்டியதில்லை. லீவு இல்லை என்று சொல்லிவிட்டாய், வேலைதான் முக்கியம், எனக்குப் புரிகிறது, உன் அம்மாவுக்கும் நான் புரியவைத்துவிட்டேன். மச்சான் முறைக்கு உன் சித்தப்பா மகனை மணையில் நிற்க வைத்துக்கொள்கிறோம். நாலு பேர் வீட்டில் நடப்பதுதான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வாட்ச் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பெட்டியில் வைக்க வேண்டியதை இந்த ஒரு வாரமாக நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஓடாமல் வைத்தால் கெட்டுவிடும் என்பதால். காலையில் சாவி கொடுக்கிறேன். நாளுக்கு ஒரு நிமிஷம் பின்தங்குகிறது. டிரைவராக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன், இதற்கு ஏனோ மனசு வரவில்லை, முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன். கையில் இருக்கும்போது இருப்பதே தெரிவதில்லை. குளிக்கக் கழற்றினால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. நீயும் வீட்டில் இருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தாய். இருக்கிறாயா இல்லையா என்று அறைக்குள் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். நீ பிளேன் ஏறிய அன்று சென்னையிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு எவ்வளவு பெரியதாக இருந்தது தெரியுமா? இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், பேனா போகிற போக்கில் போய்விட்டது.

மற்றபடி இங்கே மழை இல்லை. கட்டமஞ்சி ஏரி பாதிதான் இருக்கிறது. கங்காதர நெல்லூர்ப் பெரியப்பா உன்னை விசாரித்தார், சுவிட்சர்லாந்தில் வெல்லம் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். உன் அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறாள். பத்மினி ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய அன்பையும் நானே சேர்த்து எழுதுகிறேன். எல்லாத் தெய்வமும் உன் பக்கம் நிற்கட்டும். நோய் நொடி இல்லாமல், நொடி முள்ளோடு ஒரு வாட்ச் வாங்கும் புத்தியோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் நைனா,
கோ. முனியப்பன்,
கன்ட்ரோலர் (ஓய்வு)

பி.கு. மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. கவரை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தி கிருஷ்ணப்பா இறங்கினார். ஒரு கையில் லட்டுப் பிரசாதம், மறு கையில் மல்லிகைப் பூ. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உட்காருவதற்கு முன்பே, "சம்பந்தி, தப்பு அயிபோயிந்தி" என்றார், தப்பு நடந்துவிட்டது என்று. நடந்தது இதுதான். வருஷா வருஷம் பம்பாயிலிருந்து மலைக்கு வரும் ஒரு வைர வியாபாரி, அவர் கடையில் செம்புக் குடம் வாங்க வந்தாராம். கிருஷ்ணப்பா பேச்சோடு பேச்சாக நம் வாட்ச் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லையாம். தன் சட்டைக் கையைத் தள்ளிக் காட்டினாராம். அதே மெல்லிசு, அதே இரண்டு முள். "தூக்க முடியாத வாட்ச் புதுசா பணம் பாத்தவன் கட்றது. இது கட்டினவனுக்கு மட்டும் தெரியற வாட்ச். இத்தக் குடுக்குற மச்சான் யாரு, எனக்குக் காட்டுங்க" என்றாராம். அன்றிலிருந்து கிருஷ்ணப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தை எல்லாம் வேண்டாம், ஆவணியிலேயே வைத்துக்கொள்வோம், அந்த மெல்லிசு வாட்ச்தான் வேண்டும் என்று என் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஹரிபாபு, வாட்ச் அவர் உள்ளங்கைக்குக் கீழேதான் இருந்தது. ஒரு சட்டைத் துணிதான் நடுவில். அந்த மனிதருக்குத் தெரியவில்லை! நீ சொன்ன அழகு என்னவென்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

நான் உடனே கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். என் வாய் வேறு சொல்லிவிட்டது. "வாட்ச்ச அரிபாபுகிட்டயே திருப்பி அனுப்பிட்டேனே சம்பந்தி. பின்னால மாப்பிள பேரு செதுக்கி எடுத்துக்கினு வருவான். அவனே நேர்ல வந்து, அவன் கையாலதான் கட்டுவான்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கிருஷ்ணப்பா கும்பிட்டார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. உன் அம்மா காபித் தட்டோடு வந்து வாசற்படியில் நின்றாள். "அரிபாபு வர்றானா?" என்றாள். சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார், நான் என்ன சொல்ல? "ஆமா" என்றேன். பத்மினி கேட்டுவிட்டு அப்போதே ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போய்விட்டாள்.

ஆகவே கனமான வாட்ச் வேண்டாம். தணிகைவேல் வெறுங்கையோடு வருவான். உன் சித்தப்பா மகனிடம் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை பெயரைச் செதுக்குவதுதான் பாக்கி. இங்கே எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டுபவரிடம் விசாரித்தேன், செய்யலாம், ஆனால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்கிறார். அதையும் நீ வந்து பார்த்துக்கொள். வாட்ச் என் வலது கையில் இருக்கிறது, நீ வந்து கழற்றினால்தான் உண்டு. லீவு இன்னும் கிடைக்கவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், உன் அம்மா கிடைத்துவிட்டது என்று நம்பிவிட்டாள். உன் அம்மா முழங்கால் வலியை மறந்துவிட்டு, உன் மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. இறங்கி வந்ததும் எந்தத் தேதியில் வருகிறாய் என்று கேட்பாள். நான் என்ன சொல்லட்டும்?